இரண்டாவது ரத்தம்

விழுப்புரத்தில் ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் என் மகளைத் திண்டிவனத்துக்கு அழைத்துப் போனேன். கோலியனூரிலிருந்து அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பிடித்திருக்கிறது என்று சொல்லியும் அனுப்பியிருந்தார்கள். அந்த நேரத்தில் உள்ளூரில் யார் கண்ணிலும் பட நான் விரும்பவில்லை.

அவளுக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் மாதவிலக்கு வரும். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, சினைப்பையில் நீர்க்கட்டி என்றார். இப்படி இருக்கிற பெண்களுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய் வரக்கூடும். வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தம் மட்டும் போதாது, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

முதல் ரத்தம் கொடுத்தாயிற்று; அது நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்தாள். "வாந்தி எடுத்துட்டா டெஸ்ட் வேஸ்ட்டு, இன்னொரு நாள்தான் வரணும்" என்றாள் லேப் பெண். அரை மணியில் மகளின் முகம் வெளுத்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அத்தை உள்ளே வந்தார். பெண் பார்க்க வந்த அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டவர். அவர் வாழ்க்கைப்பட்டது திண்டிவனத்தில் என்பது என் மூளையில் ஏறவே இல்லை.

"இன்னாங்க இவ்ளோ தூரம்? நான் மாசா மாசம் சுகர் பாக்க வர்றேன். நீங்க?" என்றவரின் பார்வை கைக்குட்டையில் நின்றது. "பொண்ணுக்கு இன்னா, குமட்டுதா?"

கல்யாணமாகாத பெண் லேபில் உட்கார்ந்து குமட்டினால் அவர் என்ன நினைப்பார்?

"பித்தங்க. பஸ்ல வந்தது ஒத்துக்கல" என்று சொல்லி மகளின் கையைப் பிடித்து இழுத்தேன். "வெறும் வயித்துக்கு நார்மல்னு சொல்லிட்டாங்கல்ல? போதும், வா."

அவள் கையை உதறினாள். "பேஜாரு பண்ணாத, உக்காரும்மா." பிறகு அத்தையைப் பார்த்தாள். "எனக்கு நீர்க்கட்டி இருக்குதுங்க அத்தை. சுகர் வருமான்னு பாக்குறோம். நீங்க நெனக்கிற மாதிரி ஒண்ணுமில்ல."

"இந்த வயசுலயா சுகரு?" என்றார் அவர். ரத்தம் கொடுத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

மிச்ச நேரம் முழுவதும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாந்தி எடுத்துவிடக் கூடாதே என்று வேண்டினேனா, எடுத்துவிட்டால் கிளம்பிவிடலாம் என்று நினைத்தேனா, இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்து, இரண்டாவது ரத்தத்தைக் கொடுத்தாள்.

அந்த வாரமே ஜாதகம் பொருந்தவில்லை என்று கோலியனூரிலிருந்து தகவல் வந்தது.

ரிப்போர்ட்டைக் காட்டியபோது டாக்டரம்மா இரண்டாவது எண்ணைப் பேனாவால் வட்டமிட்டார். "சர்க்கரை நோய் இன்னும் வரல. ஆனா வாசல்ல நிக்குது. மொதல் ரிசல்ட்ட மட்டும் கொண்டாந்திருந்தா, ஒண்ணுமில்லன்னு அனுப்பிவெச்சிருப்பேன்."

என்ன சாப்பிடுவது, எவ்வளவு நடப்பது, மறுபடி எப்போது பரிசோதிப்பது எல்லாவற்றையும் மகள் குறித்துக்கொண்டாள்.

"நீங்க எப்பவாவது பாத்திருக்கீங்களாம்மா?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். "உங்களுக்கும் ஒரு தடவ சுகர் பாத்துடலாமா?"

மகள் நிமிராமல் அதையும் எழுதிக்கொண்டாள்.