படுக்க வைத்து எடுத்த அளவு

என் மகள் பேச ஆரம்பித்தபோது என்னை மாமா என்றுதான் கூப்பிட்டாள். எங்கள் பக்கம் பெண்டாட்டி புருஷனை அப்படித்தான் கூப்பிடுவாள். பிள்ளைகளும் அம்மாவின் வாயைப் பார்த்து அதையே சொல்லும். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள், மாமா இல்லை கண்ணு, அப்பா என்று திருத்துவார்கள், ஒரு மாதத்தில் சரியாகிவிடும். எங்கள் வீட்டில் அது சரியாகவில்லை. திருத்த வேண்டியவன் நான். நான் வீட்டில் இருந்தால்தானே?

அப்போது திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் க்யூ.சி.யாக இருந்தேன். தைத்து வருகிற துணியில் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வேறு. தையல்காரர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கழுத்தில் எந்நேரமும் இன்ச் டேப் தொங்கும். காலை ஏழரைக்குக் கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்துவிடும். பிள்ளைகள் எழுந்திருக்க எட்டாகும். தினமும் ஒன்றரை ஷிப்டு. நான் திரும்பும்போது இரண்டும் தூங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று பேச்சு, ஷிப்மெண்ட் இருந்தால் அதுவும் கிடையாது. திருப்பூரில் என்றைக்கு ஷிப்மெண்ட் இல்லாமல் இருந்தது?

மகளுக்கு மூன்று வயது ஆக இன்னும் இரண்டு மாதம் இருந்தது, பையனுக்கு ஒன்று முடிந்திருந்தது. ஒருநாள் கம்பெனியில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் பண்ணி, நாலு மணிக்கே எங்களை அனுப்பிவிட்டார்கள். லைன் வீட்டுக் காம்பவுண்டுக்குள் நுழையும்போதே என் வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு மூன்று பேரும் ஏதோ ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றியதும் வகுப்புக்குள் வாத்தியார் வந்தது போலச் சத்தம் அடங்கிவிட்டது. பையன் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என் வீட்டில் நான் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் எட்டிப் பார்த்து, அப்பா வந்தாச்சா என்று மகளிடம் கேட்டார். அவள் வாசற்படியில் நின்று, பெரிய மனுஷி போலப் பதில் சொன்னாள்.

"அப்பா இல்ல. மாமா வந்திருக்காங்க. அப்பறம் போயிருவாங்க."

அந்த அக்கா சிரித்தார், என் மனைவியும் சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு முகம் கழுவுகிறேன் என்று பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அந்தக் காம்பவுண்டில் எட்டு வீடு. எட்டிலும் ஆம்பிளைகள் என்னைப் போலத்தான் வேலைக்குப் போய் வந்தார்கள். ஆனால் மற்ற ஏழு வீட்டிலும் பிள்ளைகள் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிட்டன. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அன்றைக்குத்தான் அந்த யோசனை வந்தது. கோயம்புத்தூரைத் தாண்டி ஒரு தீம் பார்க் இருந்தது. தண்ணீர் சறுக்கு, குட்டி ரயில், ராட்டினம் எல்லாம் உண்டு. எங்கள் கட்டிங் மாஸ்டர் குடும்பத்தோடு போய் வந்து ஒரு வாரம் அதையே பேசினார். ஒரு முழுநாள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றினால், அப்பா என்ற சொல் தானாக வந்துவிடும் என்று நம்பினேன். பார்க்குக்குப் போவது மற்றவர்களுக்குச் சந்தோஷத்துக்கு. எனக்கு அந்த ஒரு சொல்லுக்கு.

திட்டத்தைக் கம்பெனிப் பழக்கத்திலேயே போட்டேன். எங்களுக்கு எந்த வேலையானாலும் கப்பல் ஏறுகிற தேதியை அடியில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கித்தான் மேலே வருவோம். பேக்கிங் என்றைக்கு, தையல் என்றைக்கு, சாயப்பட்டறையிலிருந்து துணி என்றைக்கு என்று. அதே மாதிரி, டீ இடைவேளைகளில் செக்கிங் மேசையின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து, வேஸ்ட் பேப்பரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். பார்க் திறக்கும் நேரம் அடியில். அதற்கு மேலே கோயம்புத்தூர் பஸ், அதற்கு மேலே டவுன் பஸ், அதற்கும் மேலே குளியல், இட்லி, பால் பாட்டில். டயாப்பர் அப்போது எங்களுக்கு ஆடம்பரம். ஆகவே போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று, நடுவில் துணிதான் என்று எழுதினேன். வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள், குழந்தைச் சாப்பாட்டை விடுவார்கள் என்று கேள்வி. அதனால் பையன் பெயரில் பெரிய டிபன் பாக்ஸ் நிறையத் தயிர் சாதம் என்று ஒரு கட்டம். தண்ணீரில் போட, குறை என்று கழித்த செகண்ட்ஸ் பனியன் வீடு நிறையக் கிடந்தது, ஆகவே துணிச் செலவு இல்லை.

மனைவியிடம் அந்தத் தாளைக் காட்டினேன். அவள் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"எங்களயும் அட்டப்பெட்டில போட்டு டேப் ஒட்டீருவீங்களாட்ட இருக்குதுங்க மாமா" என்றாள்.

கேலி செய்தாலும் தாளை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் பத்திரமாக வைத்தாள்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து பார்க்குக்குப் போன் போட்டேன். வயதெல்லாம் கணக்கில்லை, உயரம்தான், தொண்ணூறு சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் டிக்கெட் வேண்டாம் என்றார்கள். அளவு என்று வந்துவிட்டால் என்னைக் கேட்கவா வேண்டும்? மறுநாள் விடியற்காலையில் மனைவி குழாயடிக்குப் போயிருந்தாள். மகள் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மேசையில் பனியனை விரிப்பது போல அவளை மெல்ல மல்லாக்கத் திருப்பி, கால்களை நீவிவிட்டு, உச்சியிலிருந்து குதிகால்வரை டேப்பை வைத்தேன். பனியன் துணியை இழுத்து அளக்கக் கூடாது, இழுத்தால் நீளும். அந்தப் பழக்கத்தில் அவளையும் இழுக்கவில்லை. எண்பத்தேழு வந்தது. எங்கள் வேலையில் ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் பாஸ் செய்துவிடுவோம். ஒன்று கூடினாலும் எண்பத்தெட்டு. கட்டத்தில் எழுதிவிட்டேன்.

குடத்தோடு வந்த மனைவி, நான் சொன்ன அளவைக் கேட்டுவிட்டு, "எந்திரிச்சதுக்கு அப்பறம் நிக்க வெச்சு ஒருக்கா பாருங்க மாமா" என்றாள். அதற்குள் வேன் வந்துவிடும் என்றேன்.

அது தை மாதம். மாசியில் போவதாக இருந்தது, சாயப்பட்டறையில் துணி தாமதமாகி ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வேலையில் போயின. பங்குனியில் பையனுக்குக் காய்ச்சல். சித்திரையில் எங்களிடம் வாங்குகிற ஒரு வெளிநாட்டு பையர் நாலாயிரம் பீஸைத் திருப்பி அனுப்பி, அதில் குறை பார்க்கவே வைகாசி வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் தேதியை அடித்துவிட்டு, வேறு தேதி எழுதினேன். மற்ற கட்டங்களை அப்படியே விட்டுவிட்டேன். மகளின் எண்பத்தேழும் அப்படியே இருந்தது.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு வாய்த்தது. தாளில் இருந்தபடி எல்லாம் நடந்தது, நேரம்கூடத் தப்பவில்லை. பஸ்ஸில் மகளை என் மடியில் உட்கார வைக்கப் பார்த்தேன். அவள் ஒன்றும் அடம்பிடிக்கவில்லை. இரண்டு நிறுத்தம்வரை மரியாதையாக உட்கார்ந்திருந்துவிட்டு, மெதுவாக இறங்கி அம்மாவிடம் போய்விட்டாள். நான் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

பார்க் வாசலில் மரப்பலகையில் வெட்டி வரைந்த ஒரு முயல் நின்றது. அதன் நீட்டிய கைதான் தொண்ணூறு சென்டிமீட்டர். டிக்கெட் பார்க்கிற பெண் மகளை அதன் கீழே நிற்கச் சொன்னாள். நின்றாள். முயலின் கைக்கு மேலே அவள் தலை இரண்டு விரல்கடை நின்றது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முயலைத் தப்பாக நட்டிருக்கிறீர்கள் என்றேன். நான் க்யூ.சி., என்னிடமா என்றேன். அந்தப் பெண் கோபப்படவில்லை, வேண்டுமானால் அளந்து பாருங்கள் என்று ஒதுங்கி நின்றாள். பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகூட அது என்னிடம் இருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மகளின் குதிகாலடியில் மண்டியிட்டு அளந்தேன். தொண்ணூற்று நான்கு. திரும்பவும் அளந்தேன். அதேதான்.

தப்பு இரண்டு இடத்தில் என்று அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. தூங்குகிற பிள்ளை முழங்காலை மடித்துக்கொள்ளும், நான் இழுத்துவிடாமல் அளந்திருந்தேன். அப்புறம் ஐந்து மாதம் போயிருந்தது. பனியனாக இருந்தால் ஐந்து மாதம் கழித்தும் அதே அளவு இருக்கும்.

மனைவி குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அவ நின்னு நீங்க பாத்ததே இல்லீங்களே மாமா."

குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னாள். அதனால்தான் அது இன்னும் அதிகமாக வலித்தது.

டிக்கெட்டுக்குப் பணத்தை எடுத்தேன். சங்கடத்தை மாற்ற நினைத்து அந்தப் பெண், பாப்பா பெரிய புள்ளயாயிட்டா என்று மகளின் கன்னத்தைத் தட்டினாள். மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"மாமா, நான் பெரிய புள்ள" என்றாள்.

"ஓ, மாமாங்களா?" என்றாள் அந்தப் பெண். "அப்பா வரலீங்களா?"

மனைவி வாயைத் திறந்தாள். அவள் சொல்வதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"இல்லீங்க. அவருக்கு ஷிப்மெண்ட்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். வெட்கம்தான் காரணம். பிள்ளையின் உயரம் தெரியாதவன் மாமாவாக இருந்தால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். அந்தப் பெண்ணும் ஒன்றும் நினைக்கவில்லை. தங்கச்சி பிள்ளைகளைக் கூட்டிவந்த நல்ல அண்ணன் என்று நினைத்திருப்பாள், சிரித்துக்கொண்டே எங்களை உள்ளே விட்டாள்.

உள்ளே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. குட்டி ரயிலில் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சோளக்கதிரை வாங்கிக் கொடுத்ததும், முதல் கடியை எனக்கு நீட்டினாள். வீட்டுக்கு வந்த சொந்தக்காரரிடம் எப்படி நடக்க வேண்டும் என்று அவளுக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தண்ணீருக்கு வந்ததும் மூன்று பேரும் இறங்கிவிட்டார்கள். பையன் என்னைக் கண்டு அழுவான் என்பதால் நான் பைகளுக்குக் காவலாகப் பெஞ்சில் இருந்தேன். அங்கிருந்து பார்த்தால், அன்றைக்குப் பாத்திரம் தட்டி ஆடிய அதே ஆட்டத்தை அவர்கள் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தார்கள். தயிர் சாதம் வெயிலில் புளித்துக்கொண்டிருந்தது. நான் தாளை எடுத்து, நடந்து முடிந்த கட்டங்களை ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். வேறென்ன செய்வது?

திரும்பி வரும்போது மனைவி, வாசலில் நான் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் பிள்ளைகள் இரண்டையும் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டாள். கண்ணைக்கூடத் திறக்காத பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "அப்பா வேலைக்குப் போறாங்க பாருங்க, டாட்டா சொல்லுங்க" என்றாள். தினமும் அப்படித்தான். பிள்ளைகளிடம் மட்டுமில்லை. என்னிடமே அப்படிப் பேசத் தொடங்கினாள். அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டேன், அப்பாவுக்குத் துண்டு கொடியில் இருக்கிறது என்று. வீட்டில் அந்தப் பழைய சொல் பிள்ளைகள் காதில் விழாதபடி, தன் வாயிலிருந்தே எடுத்துவிட்டாள். முதலில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. மகளின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் ஒரு காலை, வேனின் படியில் கால் வைக்கும்போது, பின்னாலிருந்து மகள் அப்பா என்று கத்தினாள். வேனில் இருந்தவர்களுக்கு அது ஒரு சாதாரணச் சத்தம். நான் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, கம்பெனிவரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே போனேன். பையனும் பேச வந்தபோது முதலிலேயே அப்பா என்றுதான் சொன்னான்.

பிள்ளைகள் இப்போது வளர்ந்து வெளியூரில் இருக்கிறார்கள். ஒன்றரை ஷிப்டெல்லாம் முடிந்துவிட்டது, வீட்டில் நானும் அவளும்தான். அவள் இன்றைக்கும் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். காதில் விழ இனிப் பிள்ளைகள் இல்லை, பழையபடி மாமா என்று கூப்பிடேன் என்று கேட்டுவிடலாம் என்று பல தடவை வாயெடுத்திருக்கிறேன். இந்த வயதில் அதை எப்படிக் கேட்பது என்று விட்டுவிடுவேன். நான் கேட்ட சொல் எனக்குக் கிடைத்துவிட்டது. அவள் சொல்லிக்கொண்டிருந்த சொல்தான் அந்த ஆனி மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து கேட்கவே இல்லை.