நரிக்குச் சொன்ன நோவு

2011இல் என் மகளுக்குப் பதினொரு வயது. மூட்டுவாதத்தால் காலையில் அவளுடைய முழங்கால்கள் மடங்காது. சிட்னியில் அவளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், இணையத்தில் ஒரு விளையாட்டைக் காட்டிவிட்டாள். ஒவ்வொரு நாளும் பயிற்சி செய்து, நோவு எவ்வளவு என்று பத்துக்குள் ஓர் எண்ணை அழுத்தினால், அதில் வரும் நரிக்குட்டி மலையேறும்.

எனக்கு அந்த நரியைக் கண்ணில் காட்டக் கூடாது. நான் எண்ணெய் பூசக் கூப்பிட்டால் வராதவள், அதற்காகக் காலை நீட்டி மடக்கினாள். "நோகுதோ?" என்று கேட்டால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "இல்லை" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். எட்டை அழுத்தினாள். முந்திய நாட்களும் வரிசையாகத் தெரிந்தன: ஏழு, எட்டு, எட்டு.

கணினியை நிறுத்தினேன். "எனக்குப் பொய், நரிக்கு உண்மையோ?"

"நரி அழாது. நீங்க அழுவீங்க. பிறகு நான்தான் உங்களைச் சமாதானப்படுத்தோணும். ஐ ஹேட் தட்."

கையை ஓங்கிவிட்டேன். அவளுடைய வீங்கிய மணிக்கட்டைக் கண்டதும் இறக்கினேன்.

அடுத்தமுறை வைத்தியரிடம் போனபோது அந்த எண்களை எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் உடனே மருந்தை மாற்றினார். சில மாதங்களில் முழங்கால்கள் மடங்கத் தொடங்கின. ஆனால் அன்று, தன்னைக் கேட்காமல் காட்டியதற்காக, எங்கள் வீடு இருந்த வென்ட்வேர்த்விலுக்குத் திரும்பும் ரயிலில் மகள் என்னை விட்டு நான்கு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தாள். நானும் கூப்பிடவில்லை.