நைனாவின் வாயில் என் கதை

இதை நான் எழுதவில்லை, சொல்கிறேன். எதிரில் ஒரு பெண் உட்கார்ந்து கைப்பேசியில் தட்டிக்கொண்டிருக்கிறாள். என் கூட வேலை பார்க்கிற நர்ஸ் அவள். ஆட்கள் பேசுகிற இடத்தில் மட்டும் கை வைக்கக்கூடாது, மற்றதை உன் இஷ்டத்துக்கு எழுத்துத் தமிழாக்கிக்கொள் என்று கையடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். சத்தியத்தைக் காப்பாற்றினாளா என்று சரிபார்க்க எனக்கு வழியில்லை. கதை எழுதுகிறவள் என்று எனக்குப் பெயர், சொந்தக் கதையை ஒழுங்காகப் படிக்கத் தெரியாது. சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள். நானே நிறையச் சிரித்தாயிற்று.

எங்கள் வீடு நகரியில், எல்லை தாண்டி ஆந்திரா பக்கம். வீட்டில் தமிழ்தான். கொஞ்சுவது, திட்டுவது, சாமி கும்பிடுவது எல்லாம் தமிழ். என்னைப் பெற்ற நைனா படித்த காலத்தில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் தமிழ் இருந்தது, ஐந்தாவது வரை படித்தார். என் காலத்தில் தமிழ் வாத்தியார் ஓய்வு பெற்றுப் போனார், அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. தெலுங்கு மீடியம் படித்தால்தான் உத்தியோகம் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த சமயம் வேறு. அப்படித்தான் நைனாவுக்குத் தமிழ் எழுத்து மட்டும், எனக்குத் தெலுங்கு எழுத்து மட்டும் என்று ஆகிப்போனது. ஒரே வீடு, ஒரே பேச்சு, ஆளுக்கொரு எழுத்து. அன்றைக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பேசிக்கொண்டால் போதுமே.

அந்தப் பேச்சும் போனது. நைனா விசைத்தறி ஓட்டியவர். அந்தச் சத்தத்துக்குள் நின்று நின்று காது கொஞ்சம் கொஞ்சமாக அடைந்து, நான் காலேஜ் முடிப்பதற்குள் அநேகமாக முழுசாகப் போய்விட்டது. காதுக்கு மெஷின் வாங்கி மாட்டினோம். இதில் தறிச் சத்தம்தான் கேட்கிறது என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். காதோடு வாய் வைத்துக் கத்தினால் ஒன்றிரண்டு வார்த்தை உள்ளே போகும். மிச்சமெல்லாம் கை ஜாடைதான். ஒரு விஷயத்தைக் கத்தலாம், கதையைக் கத்த முடியாது.

ஆனால் படிப்பார். திருத்தணியிலிருந்து வருகிற பேப்பர், பஜ்ஜி சுற்றி வந்த காகிதம் என்று தமிழ் எதில் இருந்தாலும் விரல் வைத்து ஒரு வரி விடாமல் வாய்விட்டுப் படிப்பார். தன் குரல் தனக்குக் கேட்காதவர் என்பதால் தெருவுக்கே கேட்கும். அச்சில் வந்துவிட்டால் அவருக்கு அது உண்மை. அதில் மறுபேச்சு கிடையாது.

நான் கல்யாணமாகிச் சித்தூர் போனேன். பிறகு திருப்பதிக்குக் குடிவந்தோம், அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில்லிங் கவுண்டர் வேலை கிடைத்தது. மத்தியானம் கூட்டம் குறைகிற நேரத்தில் கதை எழுத ஆரம்பித்தேன். தெலுங்கு எழுத்தில் தமிழ்க் கதை. தெலுங்கிலேயே எழுதித் தொலையேன் என்றார் என் கணவர். அவர் வீட்டில் தெலுங்கு. எழுதியும் பார்த்தேன், லீவ் லெட்டர் மாதிரி வந்தது. தெலுங்கில் பேசுகிற நைனா எனக்கு யாரோ.

கதை நைனாவைப் பற்றியதுதான். தறியை விட்டு வீட்டுக்கு வந்ததும் அவர் என்னைக் கேட்கிற முதல் கேள்வி, “துன்னியாம்மா?” நான் பதில் சொன்னாலும் அவருக்குக் கேட்காது. அதனால் நேராக அடுப்படிக்குப் போய்ச் சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து, சோறு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். பரீட்சை பயத்தில் நான் சாப்பிடாமலே தலையாட்டிய நாளில், பானையைப் பார்த்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். “துன்னு. நா பாத்துக்கினு கீறேன்.” கதை மொத்தமும் அவ்வளவுதான். இது ஒரு தமிழ்ப் பத்திரிகையில் அச்சாக வேண்டும், நைனா விரல் வைத்துப் படிக்க வேண்டும், பாதியில் நிமிர்ந்து, இது நான்தானே என்று கேட்க வேண்டும். பரிசு, புகழ், புத்தகம் ஒன்றும் நான் கேட்கவில்லை. இந்த ஒன்றைத்தான் கேட்டேன்.

முதலில் செய்த கூத்தைச் சொல்கிறேன். நான் எழுதிய தெலுங்கு எழுத்துப் பக்கங்களை அப்படியே படம் எடுத்துச் சென்னையில் ஒரு பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். அத்தனை பெரிய ஆபீசில் தெலுங்கு எழுத்து தெரிந்தவர் ஒருத்தராவது இருக்க மாட்டாரா, வாய்விட்டுப் படித்தால் தமிழ் வந்துவிடுமே என்று என் கணக்கு. இது தமிழ்ப் பத்திரிகை என்று ஒரு வரியில் பதில் வந்தது. அடுத்து, பேசினால் எழுதிக்கொள்கிற வசதி கைப்பேசியில் இருக்கிறதே என்று முழுக் கதையையும் அதனிடம் சொன்னேன். அதுவும் மளமளவென்று எழுதித் தள்ளியது. என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத்தான் எனக்குத் தெரியாதே. நம்பி மூன்று இடத்துக்கு அனுப்பினேன். கிணற்றில் போட்ட கல். பின்னால் நர்ஸ் அதை எடுத்துப் படித்தபோது சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. என் பேச்சில் அந்த மெஷினுக்குப் பாதி புரியவில்லையாம். மீதியை அதுவே சொந்தமாகக் கற்பனை செய்திருந்தது.

சித்தூரில் தமிழ் வளர்க்கிற பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள் என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனேன். என் கதையை யாராவது தமிழில் எழுதித் தந்தால் போதும் என்றேன். தமிழின் பெருமையைப் பற்றிச் சாயங்காலம் வரை பேசினார்கள். கடைசியில் எனக்கு ஒரு சால்வை போர்த்தி, முதலில் எழுத்தைக் கற்றுக்கொள், பிறகு கதை எழுதலாம் என்று அனுப்பி வைத்தார்கள். அவர்கள் சொன்னதும் தப்பில்லை. கற்றுக்கொள்ளாமல் நான் சும்மா இருக்கவில்லை. ஒன்றாம் வகுப்புப் புத்தகம் வாங்கி, பஸ் போர்டு படிக்கிற அளவுக்கு வந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தால், கை ஓர் எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மனசிலிருந்த வாக்கியம் எழுந்து போய்விடும். நாள் பூராவும் பில் போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்து சமைக்கிறவளுக்கு அதற்கு மேல் முடியவில்லை.

அப்புறம்தான் இந்த நர்ஸ் வந்தாள். கன்னியாகுமரிப் பக்கத்துப் பெண். சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் படிக்கப் படிக்க நான் தட்டித் தருகிறேன் என்று அவளாகவே சொன்னாள். “துன்னியாம்மா” வந்ததும் கை நின்றுவிட்டது. அப்பா இப்படியா பேசுவார், படிப்பவர்கள் ஒரு மாதிரி நினைக்க மாட்டார்களா அக்கா என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எங்க நைனா இப்படித்தான் பேசுவாரு, நீ போடு என்றேன். உதட்டைப் பிதுக்கிக்கொண்டே போட்டாள். ஒரு வார்த்தை மாற்றவில்லை. இன்று வரை அந்த நன்றி எனக்கு உண்டு.

அதை அனுப்பிப் பல மாதம் கழித்து, மறந்தே போய்விட்ட ஒரு பத்திரிகையிலிருந்து ஆசிரியர் கூப்பிட்டார். அந்த நேரம் பார்த்து டிஸ்சார்ஜ் பில் வேண்டும் என்று ஒருவர் கவுண்டர் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். கதை மனசைத் தொட்டது, அடுத்த இதழில் போடுகிறோம், மொழியை மட்டும் கொஞ்சம் ஒழுங்குபடுத்திக்கொள்கிறோம் என்றார். சரிங்க சார், ரொம்ப சந்தோஷம் சார் என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். ஒழுங்கு என்றால் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. நர்ஸைக் கேட்டதற்கு, தான் விட்ட எழுத்துப் பிழையாக இருக்கும் என்றாள். இருவரும் கேன்டீனில் மைசூர்பாகு வாங்கிச் சாப்பிட்டோம்.

பத்திரிகை தபாலில் வந்த வாரம் நர்ஸ் லீவில் ஊருக்குப் போயிருந்தாள். எழுத்துக் கூட்டி என் பெயரைக் கண்டுபிடித்தேன், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. நைனா வாயால்தான் முதலில் கேட்க வேண்டும் என்று, பிரித்த பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு ரயிலேறினேன். புத்தூர் தாண்டி நகரி நெருங்கியதும் எனக்கு உட்கார முடியவில்லை. கதவோரம் வந்து நின்றுகொண்டேன்.

நைனா கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். என் பெயரைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படித்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பிறகு விரலை வைத்துத் தெருவுக்கே கேட்கிற குரலில் ஆரம்பித்தார். தறி இருந்தது, பானை இருந்தது, மூடி இருந்தது. நைனாவைக் காணோம். என் கதையில் ஓர் அப்பா வந்து உட்கார்ந்திருந்தார். “சாப்பிட்டாயா மகளே?” என்று என் நைனா சத்தமாகப் படித்தார். “சாப்பிடு. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.” தன் வாயில் வந்த வார்த்தையை யாரோ பிடுங்கிக்கொண்டு, வேறு வார்த்தையைத் திணித்துப் படிக்கச் சொன்னது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நிறுத்துங்கள் என்று கத்தினாலும் அவருக்குக் கேட்கப் போவதில்லை. கடைசி வரி வரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “நல்லா கீதும்மா. பாவம், யாரு இந்தாளு? மெட்ராஸ்காரனா?”

நான் அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். புரியவில்லை. பத்திரிகையைத் தொட்டு, மறுபடி அவரைத் தொட்டுக் காட்டினேன்.

“நானா? நீ என்ன எப்பம்மா அப்பான்னு கூப்ட்ட?”

இல்லை என்று தலையாட்டினேன். வேறு என்ன ஜாடை காட்டுவது? பத்திரிகைக்காரர், திருத்தம், ஒழுங்கு இதற்கெல்லாம் கையில் ஜாடை கிடையாது, காதில் கத்துகிற ஒன்றிரண்டு வார்த்தையிலும் அடங்காது. எழுதிக் காட்டலாம் என்றால் எனக்குத் தெரிந்த எழுத்து அவருக்குத் தெரியாது. அழுகையாக வந்தது. பொண்ணு சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து என் தலையைத் தடவிவிட்டார்.

திங்கட்கிழமை ஆசிரியரைக் கூப்பிட்டேன். சண்டை போடுகிற வேகத்தில்தான் கூப்பிட்டேன். அவரோ அத்தனை தன்மையாகப் பேசினார். அந்தப் பேச்சை அப்படியே போட்டால் வாசகர்கள் உங்கள் அப்பாவைப் பார்த்துச் சிரிப்பார்கள் அம்மா, அவர் மரியாதைக்காகத்தான் மாற்றினேன் என்றார். பேச்சில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. கடைசியில் நான்தான் நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகு கைப்பேசியைப் பார்த்து நாலு வார்த்தை திட்டினேன், அது யாருக்குப் போய்ச் சேரும்.

நர்ஸ் லீவு முடிந்து வந்தாள். அவள் முதலில் தட்டியது கைப்பேசியில் அப்படியே இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜெராக்ஸ் கடையில் அதைத் தாளில் எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நகரிக்கு ஓடினேன்.

நைனா சுவாரசியமில்லாமல்தான் வாங்கினார். படித்த கதையையே மறுபடி எதற்குக் கொடுக்கிறாள் என்கிற முகம். “துன்னியாம்மா” வந்தது. விரல் நின்றது. திரும்பப் படித்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், நான் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சிரிப்பு பார்த்ததில்லை. தொடையைத் தட்டிக்கொண்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், அடுத்த வரிக்குப் போனார், மறுபடி சிரித்தார். “அய்ய, நாந்தான். நானே தாம்மா இது.” இத்தனை வருஷமாக எதைக் கேட்கக் காத்திருந்தேனோ அதைக் கேட்டுவிட்டேன்.

சிரிப்பு அடங்கியதும் எட்டி வாசல் பக்கம் பார்த்தார். தெருவுக்குக் கேட்கப் படித்தது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தாளை நாலாக மடித்து என் கையில் வைத்து, விரல்களையும் சேர்த்து மூடினார். முடிந்த அளவு குரலைத் தாழ்த்தினார்.

“இத்த புக்குல போட்டுடாதம்மா. நாலு பேரு பாக்கறது. அதுல கீறானே, அந்தாளே இருக்கட்டும். மரியாதையா பேசறான்.”

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. போடாதே என்று அவர் சொன்னதை இதோ இங்கே போட்டிருக்கிறேன். போடாவிட்டால் அவர் எங்கேயுமே இல்லை. போட்டதால், இது அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று இப்போது சாமியை வேண்டிக்கொள்கிறேன். அவர் படிக்க வேண்டும் என்றுதானே எழுதவே வந்தேன்.

அன்று சாயங்காலம் என்னை ரயிலேற்ற ஸ்டேஷனுக்கு வந்தார். பத்திரிகையைச் சட்டைக்குள் வைத்திருந்தார். வழியில் டீக்கடையில் அதைப் பிரித்து, எம் பொண்ணு எழுதினது என்று காட்டிவிட்டுத்தான் வந்தார். வண்டி வந்து நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கிற குரலில், வார்த்தை வார்த்தையாக யோசித்துச் சொன்னார்.

“அந்த சார்கிட்ட சொல்லும்மா. அப்பா படிச்சார், அப்பா ரொம்ப சந்தோஷப்பட்டார்னு சொல்லு.”

தன்னை அவர் அப்படிச் சொல்லி அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். நைனா என்று கூப்பிட்டேன், வண்டிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.