கோட்டு போட்ட அப்பா

எங்கள் வீட்டுச் சுவரில் அப்பா கோட்டும் டையும் போட்டுக்கொண்டிருப்பார். உயிரோடு இருந்தவரை ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர் அவர். கோட்டைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் எனக்குத் தெரிந்த அப்பா அந்தக் கோட்டுக்காரர்தான். உப்பிய கன்னம், அகன்று விழித்த கண், இறுக மூடிய வாய். பார்க்கிறவர்கள் ஆபீசில் கணக்கு எழுதும் ஐம்பது வயதுக் கிராணி என்றுதான் நினைப்பார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்கு உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது. எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஒரு பேச்சு. அப்படியே பயம் இல்லாவிட்டாலும், பால் மரத்தை விட்டுவிட்டு டவுன் ஸ்டுடியோவில் போய் உட்கார யாருக்கு நேரம்? ஆனால் ஆள் செத்துவிட்டால் போதும், முதல் வேலையாகப் போட்டோக்காரரைக் கூட்டி வந்துவிடுவார்கள். சவப்பெட்டியைத் தலைமாட்டில் சற்று உயர்த்தி வைத்து, சுற்றிலும் உறவுக்காரர்கள் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். தோட்டத்தில் பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் செத்த பிறகு எடுத்ததுதான். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும்.

காற்றில் முறிந்த கிளை மேலே விழுந்து அப்பா இறந்தபோது எனக்கு நடக்கக்கூடத் தெரியாது. அப்பாவின் அண்ணன் கோலா சுங்கை பாருவில் மீன் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். லோரியோடு வெளியூர் போயிருந்த அவர் வந்து சேர மறுநாள் பிற்பகல் ஆகிவிட்டது. அண்ணன் இல்லாமல் படம் எடுக்கக்கூடாது என்று எல்லாரும் காத்திருந்தார்கள். தோட்டத்தில் ஐஸ் ஏது? அதற்குள் முகம் வீங்கிவிட்டது. பிறகு அந்தப் படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்து, ஒரு ஸ்டுடியோக்காரர் தாடையைக் கட்டியிருந்த துணியை அழித்து, மூடிய கண்களைத் தூரிகையால் திறந்து, கழுத்துக்குக் கீழே கோட்டும் டையும் வரைந்து கொடுத்தார். சட்டம் போட்டு, சிவப்பு பல்பு மாட்டி, வெள்ளிக்கிழமைதோறும் பூ வைத்தோம். நல்ல மனதோடுதான் எல்லாரும் எல்லாவற்றையும் செய்தார்கள்.

தொண்ணூறுகளில் தோட்டம் கைமாறியது. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள். நானும் அம்மாவும் டுரியான் துங்காலில் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குக் குடிவந்தோம். நான் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வேலை பார்த்தேன். எனக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணப் பேச்சை எடுத்தால் எரிந்து விழுவேன் என்று தெரிந்து அம்மா அதை விட்டிருந்தார். வேலை இல்லாமல் வீட்டில் இருக்க அம்மாவுக்குத் தெரியவில்லை. கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டுவார். அப்போதுதான் ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

“கனவுலகூட அந்தக் கோட்டப் போட்டுக்கிட்டுத்தான் வர்றாரு. என்கிட்ட பேசவே மாட்டேங்கிறாரு. அவரு மூஞ்சி எனக்கு மறந்துபோச்சுடி.”

எனக்கு மறக்க ஒரு முகம்கூட இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சில மாதங்கள் கழித்து, மெர்லிமாவிலிருந்து பெரியம்மா வந்தார். சொந்தப் பெரியம்மா இல்லை. தோட்டத்தில் எங்களுக்குப் பக்கத்து வீடு. அம்மாவுக்கு அக்கா முறை. மகனுடைய மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து அவ்வளவு தூரம் வந்தவர், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே ஆரம்பித்தார்.

“ஒன் புருசன பாத்தேன்லா. டேவான்ல படம் காட்டுனாங்க. சிரிச்சிக்கிட்டு நிக்கிறாரு.”

மாநிலத்தின் பழைய படச்சுருள்களைச் சேர்த்து ஊர் ஊராக, பொது மண்டபத்தில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்களாம். அதில் எங்கள் தோட்டமும் வருகிறதாம். வெள்ளைக்காரர்கள் வந்து படம் எடுத்த நாள் அம்மாவுக்கும் நினைவு இருந்தது. கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்ததாம்.

“நெனவில்லாம என்ன? வெயில் வந்தப்புறம் இல்ல கூப்புட்டாங்க,” என்றார் அம்மா.

எனக்கு அவர்கள் இரண்டு பேரும் விளக்கினார்கள். பால் மரம் விடியலில் சீவுவது. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். ஆனால் படப்பெட்டிக்கு வெளிச்சம் வேண்டுமே. அதனால் வேலை முடித்துக் குளித்துவிட்டு வந்தவர்களைத் துரை மறுபடி மரத்தடிக்கு அனுப்பினார். பால் வடியும் மங்கு எல்லாம் காய்ந்து கிடந்தது. வாளியில் ஊற்ற ஏதாவது வேண்டும் என்று, கிராணி வீட்டிலிருந்து டின் பால் வாங்கித் தண்ணீரில் கலக்கினார்களாம்.

“ஆளுக்கொரு வாளி டின் பாலத் தூக்கிக்கிட்டு வேல செய்யிற மாதிரி நடிச்சோம். அதான் அவருக்குச் சிரிப்பு தாங்கல,” என்றார் பெரியம்மா.

அம்மா சிரிக்கவில்லை. “எங்க காட்டுறாங்க இப்ப?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் எங்கள் ஊருக்கே வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கைத்தறிப் புடவை கட்டிக்கொண்டு, தலையில் பூ இல்லாத குறையைத் தவிர, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்ட மாதிரி நின்றார். பெரியம்மாவும் வந்துவிட்டார். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி போட்டு மறைத்திருந்த மண்டபத்தில் நாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்தோம்.

மலாக்கா ஆற்றில் கரி ஏற்றிய படகுகள் போயின. கூரை போட்ட மாட்டு வண்டி ஒன்று வந்தபோது, பின்னால் ஒரு மலாய்ப் பெரியவர் எழுந்து, அது தன் அப்பாவின் வண்டி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் அவரை அடக்கவில்லை. திடலில் கூடிய கூட்டம், கோலா சுங்கை பாருவில் வலை இழுக்கும் ஆட்கள், கடைத்தெருவில் கூடை சுமந்த சீனத்திகள் எல்லாம் வந்தன. மண்டபத்தில் ஆங்காங்கே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எல்லாரும் அவரவர் செத்தவர்களைத் தேடித்தான் வந்திருந்தார்கள் போலிருக்கிறது. படத்துக்குப் பின்னணியில் ஒரு வெள்ளைக்காரர் மூக்கால் பேசிக்கொண்டே போனார். எங்கள் தோட்டம் வந்தபோது, உழைப்பாளிகள் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்றார். டின் பால் கதை அவருக்குத் தெரியாது.

“அந்தா, அந்தா,” என்று பெரியம்மா அம்மாவின் தொடையில் அடித்தார்.

திரையில் ஒரு பையன் வாளியைத் தூக்கிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, பல் தெரியச் சிரித்தான். கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டான். அடுத்தது துறைமுகம்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா இன்னும் திரையிலேயே தேடிக்கொண்டிருந்தார். விளக்கு போட்ட பிறகு, “அவரு வரலியே,” என்றார்.

“வந்தாரே, சிரிச்சாரே!” பெரியம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“அது யாரோ பொடியன். அவரு மூஞ்சி பெரிய மூஞ்சி.”

“ஒன் புருசன எனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டுல இருந்தவ நான்.”

“எம் புருசன எனக்குத் தெரியாதாக்கா?”

பெரியம்மா சாப்பிடாமலே மோட்டார் ஏறிப் போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா புடவையைக்கூட மாற்றாமல் சுவருக்கு முன்னால் நின்று, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருஷமாகப் பூ வைத்து, விளக்கேற்றி, காலையும் மாலையும் கும்பிட்டு, அம்மா அந்த வீங்கிய முகத்தை மனதில் ஏற்றிக்கொண்டுவிட்டார். அது உள்ளே வந்து, இருந்த முகத்தை வெளியே தள்ளிவிட்டது. எனக்கு அந்தப் படத்தைத் தூக்கி உடைக்க வேண்டும் போலிருந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. காத்திருந்தவர்கள் மேலா, வரைந்தவர் மேலா? அண்ணனுக்காக ஒரு நாள் தள்ளிப்போட்ட புண்ணியவான்கள் எல்லாரும் செத்துப்போய்விட்டார்கள்.

டாக்டரிடம் அரை நாள் லீவு கேட்டு, அம்மாவை மலாக்கா டவுனுக்குக் கூட்டிப் போனேன். வர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர், கடைசியில் என்னோடு பஸ் ஏறினார். படச்சுருள்களை வைத்திருந்த அலுவலகம் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. அங்கிருந்த இளம் அதிகாரி, நான் மலாயில் விஷயத்தைச் சொன்னதும், கேள்வி கேட்காமல் வீடியோ கேசட் ஒன்றை எடுத்துவந்து டிவியில் போட்டார். தோட்டம் வரும் இடத்தை ஓட்டிக் காட்டி, எங்கே வேண்டுமோ நிறுத்திக்கொள்ளுங்கள் என்று ரிமோட்டை என்னிடமே கொடுத்துவிட்டு, அவசர போன் என்று அடுத்த அறைக்குப் போனார்.

நான் போட்டேன். அம்மா பார்த்தார். மறுபடி போட்டேன்.

“இல்லடி. சும்மா விடு, போவோம்,” என்றார்.

“இன்னொரு தடவம்மா.”

இந்தத் தடவை அந்தச் சிரிப்புக்கு நான் அவசரப்படவில்லை. அதற்கு முன்னாலேயே, ஒரு பெண் மரத்தைச் சீவும் இடத்திலிருந்து மெதுவாக ஓடவிட்டேன். தலையில் துண்டு, உடம்பில் ஆம்பிளைச் சட்டை. அம்மா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“நிறுத்து.”

நிறுத்தினேன். படம் கோடு கோடாக நடுங்கி நின்றது.

“பீச்சாங்கைல சீவுறா பாரு,” என்றார்.

அம்மாவுக்கு இடது கைப் பழக்கம். மரத்தில் வெட்டுக்கோடு இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும். வலது கைக்காரர்களுக்குத்தான் அது தோது. இடது கைக்காரி உடம்பை வளைத்து, மரத்தைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி நின்றுதான் சீவ வேண்டும். தோட்டத்தில் அப்படிச் சீவியது அம்மா ஒருவர்தான். கங்காணி அதற்காகத் திட்டாத நாளில்லை என்று எனக்கே பலமுறை சொல்லியிருக்கிறார்.

“அது நானு,” என்றார் அம்மா. “அந்தச் சட்ட அவரோடது.”

படத்தை ஓடவிட்டேன். இடது கைக்காரப் பெண் உளியை இடுப்பில் செருகிவிட்டுக் குனிந்து வாளியை எடுத்தாள். பக்கத்து மர நிரையிலிருந்து அந்தப் பையன் வந்து, அவள் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டு, அவளிடம் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தான். தோட்டத்தில் இன்னொருத்தன் பெண்சாதியின் வாளியை எவனும் வாங்கிவிட மாட்டான். புருஷன்தான் வாங்குவான்.

அங்கே நிறுத்தினேன்.

அம்மா நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நெடுநேரம் பார்த்தார். நானும் பார்த்தேன். மீசை சரியாக முளைக்காத முகம். ஒட்டிய கன்னம். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. என் கிளினிக்குக்கு வந்திருந்தால் ‘என்ன தம்பி, பல் வலியா’ என்று கேட்டிருப்பேன். எனக்கு அப்பா என்று கூப்பிட வாய் வரவில்லை.

“இந்தப் புள்ளையாடி செத்துச்சு?” என்றார் அம்மா.

அதைச் சொன்னதும் அம்மாவின் வாய் கோணிக்கொண்டது. அப்பாவுக்காக அம்மா அழுது நான் பார்த்ததே இல்லை. வெள்ளிக்கிழமை பூ வைக்கும்போதுகூடக் கண் கலங்கியதில்லை. ஐம்பது வயதுக் கிராணிக்காக யார் இத்தனை காலம் அழுதுகொண்டிருப்பார்கள்? இப்போது புடவை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வெளியே வரக்கூடாது என்று உடம்பெல்லாம் குலுங்க அழுதார். “பச்சப் புள்ளடி, பச்சப் புள்ள,” என்று மட்டும் இடையிடையே வந்தது. நான் அம்மாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் கேட்டு, அந்த அலுவலகத்தில் தேநீர் போட்டுக் கொடுக்கும் மலாய்க்காரப் பெண்மணி ஒருவர் ஒரு கிளாஸ் தண்ணீரோடு எட்டிப் பார்த்தார். நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று அவருக்குத் தெரியாது. டிவியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். எந்தக் காலத்துப் படம் என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. தண்ணீரை அம்மாவின் கையில் கொடுத்து, தோளைத் தடவி, மலாயில் மெதுவாகக் கேட்டார்.

“உங்க மகனா?”

நான் திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா ஆமாம் என்று தலையாட்டிவிட்டார்.