கண்ணாடிக்குள் வளர்ந்த மலைத் துளசி

சென்னை அஸ்தினாபுரத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் கரும்பலகையில், ‘உயரம் கூடினால் இலையில் மருந்து கூடும்: ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் உரை, ஞாயிறு காலை’ என்று எழுதி, கீழே என் பெயரும் போட்டிருந்தது. வாசகம் நான் கொடுத்ததே. கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் சொன்னதைத் திருத்திக்கொள்ள எனக்கு நேர்ந்ததில்லை. அந்தப் பெயரோடுதான் இத்தெருவிலும் நடமாடுகிறேன்.

என் கூற்றுக்கு அடிப்படை இருந்தது. மலையில் வெயிலின் புற ஊதாக் கதிர் மிகுதி, குளிரும் மிகுதி. அவற்றைத் தாங்க, இலை ஃபீனால் வகைச் சேர்மங்களைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்ளும். மருந்துக் குணத்தில் அவற்றுக்குப் பங்குண்டு. இதைச் செய்துகாட்டவே விரும்பினேன். எங்கள் மொட்டை மாடித் துளசியிலிருந்து கிள்ளிய கொம்பைத்தான் கோத்தகிரியில் வாழும் என் மகள் நட்டு வளர்த்திருந்தாள். ஒரே செடி, இரண்டு உயரங்கள். இதைவிட நேர்த்தியான ஒப்பீடு எவருக்கு வாய்க்கும்?

சனிக்கிழமை சமையலறையில் ஒத்திகை பார்த்தேன். மகள் அனுப்பிய இலையையும் மாடி இலையையும் ஒரே எடையில் உலர்த்தி, கஷாயமாக்கி, இரண்டிலும் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சொட்டினேன். ஃபீனால் மிகுந்தது அதிகம் கறுக்க வேண்டும்.

மாடி இலை மைபோல் கறுத்தது. மலை இலை வெளிறி நின்றது.

“கண்ணாடிக் குழாயை மாத்தி வெச்சிட்டீங்களோ?” என்றாள் என் மனைவி. மீண்டும் செய்தேன். அதே விடை.

“உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்களேன்.”

“என் உடம்புக்கு என்ன?” என்று சொல்லிவிட்டு மகளை அழைத்தேன். “செடி எங்கேம்மா இருக்கு?”

“சன் ரூம்லப்பா. பனியில துளசி பட்டுப்போனா வீட்டுக்கு ஆகாதுன்னு அம்மாதானே சொன்னாங்க? நட்டதுலேர்ந்து கண்ணாடிக்கு உள்ளதான்.”

எழுந்து நின்றுவிட்டேன். புற ஊதாக் கதிரின் வீரியமான பகுதியைச் சாதாரணக் கண்ணாடியே தடுத்துவிடும். அந்தச் செடிக்கு உயரம் வாய்த்தது; உயரத்தின் கதிரும் பனியும் வாய்க்கவில்லை. இங்கே மாடியிலோ நாள் முழுவதும் திறந்த வெயில். பலகையில் எழுதிய என் வாசகம் இனி நிற்காது என்பது தெரிந்தது. ஆயினும் அதைவிட நல்ல கேள்வி ஒன்று கையில் வந்து விழுந்திருந்தது. அன்று சோறு இறங்கவில்லை; வருத்தத்தால் அல்ல, ஆர்வத்தால்.

மறுநாள் அனைவர் முன்னும் இரண்டு குழாய்களிலும் கரைசலை நானே சொட்டினேன்.

சங்கச் செயலாளர் இவ்வூரின் பழைய குடும்பத்தவர். மளிகை மொத்த வியாபாரி. குனிந்து பார்த்தார். “இன்னா சார், நம்ம ஊரு துளசி கெத்தா கீது, மலைத் துளசி பல்லக் காட்டுது? போர்டுல வேற மாதிரி போட்டுக்கீதே.” கூட்டம் சிரித்தது.

நான் பலகைக்குச் சென்றேன். பழைய வாசகத்தை அழித்து, ‘உயரத்தில் எது இலையை மாற்றுகிறது?’ என்று எழுதினேன். என் பெயரை அழிக்கவில்லை. “உயரம் தனிப்பொருள் அன்று, கதிர், குளிர், காற்று எல்லாம் சேர்ந்த மூட்டை. என் மகள் வீட்டில் கண்ணாடிக்குள்ளேயே வளர்ந்த இந்த மலைச் செடி அந்த மூட்டையைப் பிரித்துக் காட்டியிருக்கக்கூடும். ஒரு செடியை வைத்து நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன்,” என்றேன். என் குரல் உயர்ந்திருந்ததை நானே கவனித்தேன்.

“அப்போ தொட்டிய வெளிய வெக்கச் சொல்லு சார், பாத்துடலாம்,” என்றார் செயலாளர்.

உள்ளே வைக்கச் சொன்னது என் மனைவி என்றேன். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் சற்று யோசித்தாள்.

“அதுலேர்ந்து ஒரு கொம்பைக் கிள்ளி வெளியில வைக்கட்டும். தாய்ச்செடி உள்ளயே இருக்கணும்.”

ஒப்பிட ஒரு செடி உள்ளேயும் ஒன்று வெளியேயும். சோதனைக்கு வேண்டியது அதுவே. நானும் அதைத்தான் சொல்லவிருந்தேன் என்று அவையில் தெரிவித்தேன்.