ஸ்டேஷன் வண்டி

புதிதாக வருகிற சின்னக் கார்களைக் கண்டால் கமலாக்ஷிக்கு எரிச்சல்தான். "இந்தத் தீப்பெட்டியிலே ஒரு கல்யாணத்தை ஏத்த முடியுமோ?" என்பாள். அவள் ஏற்றியிருக்கிறாள்.

ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரத் துரையிடமிருந்து அந்த அமெரிக்க ஸ்டேஷன் வேகனை வாங்கியவர் அவள் கணவர், மிளகு வியாபாரி வெங்கிடராமன். கப்பல் போன்ற அதன் நீளத்தைப் பார்த்து அவரே பயந்துபோனதால், ஓட்டக் கற்றவள் கமலாக்ஷி. ஸ்டேஷன் என்ற பெயரைக் கேட்டதும், அது ரயிலடிக்குப் போகிற வண்டி என்றே மட்டாஞ்சேரித் தெரு முடிவுகட்டிவிட்டது. ஊருக்குப் போகிறவர்கள் பெட்டி படுக்கையோடு அவள் வாசலில் வந்து நிற்பார்கள். அவளும் ஏற்றிக்கொண்டு போவாள்.

தெரு குறுகல், வண்டியைத் திருப்ப இடமில்லை. அதனால் வீடு திரும்பும்போது முனையிலிருந்து பின்பக்கமாகவே ஓட்டி வருவாள். "மாமிக்கு நேரே வரத் தெரியாதாக்கும்" என்று தெரு சிரித்தது.

எழுபத்தொன்பதில் அவள் தங்கை கல்யாணத்துக்கு முந்தின நாள் பஸ் ஸ்டிரைக். எர்ணாகுளம் ஸ்டேஷனில் தவித்து நின்ற மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரையும் கமலாக்ஷி வண்டியில் அடைத்தாள். மாப்பிள்ளைக்கு மிஞ்சியது பின்கதவைப் பார்த்திருந்த கடைசி சீட்டுதான்.

"என் பிள்ளை முதுகைக் காட்டிண்டா வந்து எறங்கணும்?" என்று சம்பந்தி மாமி கொதித்தாள்.

"பேசாம ஏறுங்கோ மாமி."

தெருமுனையில் கமலாக்ஷி வழக்கம்போல் வண்டியைப் பின்பக்கமாக விட்டாள். நாகஸ்வரம் முழங்கியது. ஆரத்தித் தட்டை நோக்கி, பின்கண்ணாடி நிறைய முகம் தெரிய, மாப்பிள்ளை ராஜா போல வந்தான்.

முதுகைக் காட்டிக்கொண்டு வந்தவள் சம்பந்தி மாமி.