பாலத்தடியில் ஒரு சால்மன்

உறவுக்காரர் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால், "மீன் டாக்டர்" என்று அண்ணா அறிமுகப்படுத்துவான். நான் டாக்டரும் இல்லை, மீனைத் தொடுவதும் குறைவு. ஓடைத் தண்ணீரைப் போத்தலில் பிடித்து வந்து வடிகட்டுவதுதான் என் வேலை. மீன் போன வழியில் அதன் சளியும் செதிலும் கொஞ்சம் தண்ணீரில் தங்கும். வடிதாளில் படிவதிலிருந்து மரபணுவைப் பிரித்துப் பார்த்தால், அங்கே எந்த மீன் இருந்தது என்று சொல்லிவிடலாம்.

நாங்கள் தேடியது அத்திலாந்திக் சால்மன். ஒரு காலத்தில் ஒன்ராறியோ ஏரியிலும் அதில் விழும் ஆறுகளிலும் நிறைந்திருந்து, காடு வெட்டியும் அணை கட்டியும் பிடித்துத் தின்றும் மனிதர் அழித்துவிட்ட மீன். இப்போது இலையுதிர் காலத்தில் நாங்கள் இருக்கும் ஸ்காபரோவில் சனம் படம் எடுப்பது வேறு இனச் சால்மனை, மேற்குக் கரையிலிருந்து கொண்டுவந்து விட்டதை. என் பேராசிரியை மோர்னிங்சைட் பக்கத்து ஓடை ஒன்றில் கரையோரம் மரம் நட்டு, அடியில் கூழாங்கல் பரப்பி, அத்திலாந்திக் குஞ்சுகளை விட்டிருந்தார். அவை பிழைத்தனவா என்பதுதான் கேள்வி. பல முறை தண்ணீர் எடுத்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. இம்முறையும் இல்லையென்றால் அந்த ஓடையைக் கைவிடுவது என்று முடிவாகியிருந்தது.

அந்த நேரத்தில்தான் அப்பா செத்துப்போனார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாளே நான் வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியே பொழுது போய்விடும். அன்று காலையில் அந்த ஓடையின் பாலத்தடியில் தண்ணீர் எடுத்தது நான்தான்.

சில நாளில் முடிவு வந்தபோது பேராசிரியை எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அத்திலாந்திக் சால்மன், சந்தேகமே இல்லை. கேக் வாங்கி வரச் சொன்னார். அழக்கூடியவர் என்று நான் நினைத்தேயிராத மனுஷி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தத் துக்கத்தோடும் வந்து வேலை செய்தாயே என்று எல்லோர் முன்னாலும் புகழ்ந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று பின்னேரம் வோபர்ன் பகுதியிலுள்ள எங்கள் அப்பார்ட்மென்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அம்மாவிடமும் அண்ணாவிடமும் சொன்னேன்.

"எந்த இடத்துத் தண்ணி?" என்று கேட்டான் அண்ணா.

"மோர்னிங்சைட் பாலத்தடி."

அவன் அம்மாவைப் பார்த்தான். "அப்பாவுக்குப் படைச்சதை அங்கைதான் விட்டனான்," என்றான்.

எட்டாம் நாள், இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் மீன் இறைச்சியோடு சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். படைத்ததில் ஒரு பங்கை ஊரில் சந்தியில் கொண்டுபோய் வைப்பார்கள். இந்த நாட்டில் அப்பாவுக்குப் பிடித்துப்போன மீன் ஒன்றே ஒன்று, பிளாசாக் கடையில் துண்டு போட்டு விற்கிற சால்மன். அம்மா அதைப் புளிவிட்டுக் குழம்பும் வைத்து, பொரித்தும் படைத்திருந்தார். பண்ணையில் வளர்த்தாலும் அதுவும் அத்திலாந்திக் சால்மன்தான்; சமைத்த பிறகும் அதன் மரபணு தண்ணீரில் கலக்கும். அதை நானும் ருசித்துச் சாப்பிட்டிருந்தேன்.

நான் கத்தினேன். "உங்கள் ரெண்டு பேருக்கும் அறிவில்லையோ? குப்பை கொட்டுற இடமே அது?"

"அப்ப ரோட்டுச் சந்தியிலை வைக்கச் சொல்லுறியோ? பொலிஸ் வந்து கேட்டா என்னெண்டு சொல்லுறது?" அண்ணாவும் விடவில்லை.

அம்மா மட்டும் மெதுவாகச் சொன்னார். "அந்தாள் கடைசிக் கிழமை முழுக்க ஒண்டும் தின்னேல்லை, பிள்ளை. பசியோடை போகக் கூடாதெண்டுதான்."



மறுநாள் பேராசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேக்கின் மிச்சம் மேசையில் இருந்தது. செத்தவருக்கு ஏன் மீன் பொரிக்கிறோம் என்று ஆங்கிலத்தில் விளக்கும்போது, அவர் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே நானே சிரித்தேன். பழைய காலத்து நம்பிக்கை, வயதானவர்கள் கேட்கமாட்டார்கள் என்றெல்லாம் சொல்லி என் வீட்டை நானே கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்பாவுக்கு அவ்வளவு பிடிக்குமா என்று மட்டும் கேட்டார்.

மரபணுவை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தபோது பண்ணை மீன்தான் என்று உறுதியானது. திரும்ப எடுத்த தண்ணீரில் எதுவும் இல்லை. சால்மனுக்கு அந்த ஓடை இனி வேண்டாம் என்று விட்டார்கள். மற்ற மீன்களின் ஆய்வு மட்டும் அதே பாலத்தடியில் தொடர்ந்தது. அதற்காக ஒரு அறிவித்தல் பலகை வைப்பது என்றும், ஆங்கிலத்தோடு தமிழிலும் எழுதுவது என்றும் முடிவானது. வேறு எந்த மொழியும் இல்லை. எழுதித் தரச் சொல்லி என்னிடம்தான் கேட்டார்கள். "உணவுக் கழிவுகளை ஓடையில் கொட்டாதீர்கள்" என்று ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த வேலை சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

பனி கரைந்த பிறகு ஒருநாள், அப்பாவுக்கு விட்ட இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அம்மா கேட்டார். சாட்டுச் சொல்லித் தட்டிக்கழித்துப் பார்த்தேன், முடியவில்லை. பாலத்தடியில் பலகைக்கு முன்னால் நின்று, கண்ணாடியைச் சரிசெய்து, ஒவ்வொரு சொல்லாக உரக்க வாசித்தார்.

"கழிவெண்டு போட்டிருக்கினம்," என்றார். "ஆர் எழுதினது?"

"நான்தான், அம்மா."

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடையைப் பார்த்தபடியே, "எழுத்துப் பிழை ஒண்டும் இல்லை, பிள்ளை," என்றார்.